ஆயிரம் பவுண்டு நஷ்டம்

(நமது நூலக மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன ஓரிரு விவரங்களை இதில் சேர்த்திருக்கிறேன்.)



போன தடவை என்னை இங்கே நிற்க வைத்தபோது ஃபிக்சட் டெபாசிட்டுக்கு நாமினேஷன் போடுவது பற்றிப் பேசினேன். கூட்டம் முடிந்ததும் பதினோரு பேர் சந்தேகம் கேட்டார்கள். இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயத்தால் யாருக்கும் அப்படி உபயோகம் இருக்காது. ஜே.ஆர்.ஆர். டோல்கின் என்ற இங்கிலாந்து எழுத்தாளரைப் பற்றிப் பேசப்போகிறேன். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதியவர். சினிமாவாகப் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு வசனமே மனப்பாடம்.

நான் எப்படி இதில் மாட்டினேன் என்று கேட்கலாம். வீடு காலி செய்து போன ஒரு குடும்பம் நமது நூலகத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம் கொடுத்தது. ரிஜிஸ்டரில் பதிவதற்காக நான்தான் பிரித்தேன். அதில் இந்தக் கதையின் மூன்று பாகங்களும் இருந்தன. முதல் பக்கத்தைப் புரட்டியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். படித்து முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. நடுவில் வரும் பாட்டுகளைத் தாண்டித்தான் போனேன், ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு அவருடைய வாழ்க்கை வரலாறு, கடிதங்கள் என்று தேடிப் படித்தேன். கதையைவிட, அந்தக் கதை அச்சான கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதில் வரவு செலவு இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், ஒரு பெரிய மனத்தாங்கலும் இருக்கிறது.

முதலில் நமக்கு ஒரு சொந்தப் பெருமை. டோல்கினின் அப்பா பேங்க் மேனேஜர். தென்னாப்பிரிக்காவில் புளூம்ஃபோன்டைன் என்ற ஊரில் 'பேங்க் ஆஃப் ஆப்பிரிக்கா' கிளையைப் பார்த்துக்கொண்டவர். அங்கேதான் 1892 ஜனவரி 3 அன்று டோல்கின் பிறந்தார். அம்மாவும் இரண்டு பையன்களும் இங்கிலாந்துக்குப் போயிருந்த சமயத்தில், 1896இல், அப்பா அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். அம்மாவும் 1904இல் போய்விட்டார். அப்போது டோல்கினுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு பாதிரியார்தான் கார்டியனாக இருந்து வளர்த்தார்.

பெற்றோர் இல்லாத பையனுக்கு நண்பர்கள்தான் எல்லாம். பர்மிங்ஹாமில் கிங் எட்வர்ட்ஸ் பள்ளியில் நான்கு பேர் ஒரு கூட்டாளி வட்டம். பள்ளி நூலகத்தில் திருட்டுத்தனமாக டீ போட்டுக் குடித்து ஆரம்பித்த சங்கம் அது. டோல்கின், கில்சன், ஸ்மித், வைஸ்மன். நாலு பேரும் சேர்ந்து உலகத்தில் ஏதோ பெரிதாகச் செய்யப்போகிறோம் என்று நம்பினார்கள். முதல் உலகப் போர் வந்தது. 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாளிலேயே கில்சன் இறந்தார். அதே வருடம் டிசம்பரில் ஸ்மித். டோல்கின் 'ட்ரெஞ்ச் காய்ச்சல்' வந்து ஊர் திரும்பியதால் பிழைத்தார். நான் போய்விட்டாலும் நாம் சொல்ல நினைத்ததை நீ சொல்ல வேண்டும் என்ற பொருளில் ஸ்மித் எழுதிய ஒரு கடிதம் அவரிடம் இருந்தது. ஸ்மித் எழுதி வைத்திருந்த கவிதைகளைத் திரட்டி 1918இல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். டோல்கின் அதற்கு ஒரு சின்ன முன்னுரை எழுதினார். அது தன் புத்தகம் கூட இல்லை, செத்துப்போன நண்பனின் புத்தகம்.

இனி நம் கதையின் முக்கியமான ஆள். 1926 மே மாதம், ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத் துறைக் கூட்டம். டோல்கின் அங்கே பேராசிரியர். புதிதாக வேலைக்கு வந்திருந்த சி.எஸ். லூயிஸ் அவரை அன்றுதான் பார்க்கிறார். இரவு டைரியில், ஆள் பரவாயில்லை, தலையில் ரெண்டு தட்டு தட்டினால் சரியாகிவிடுவார் என்கிற மாதிரி குறித்து வைத்தார். புது ஸ்டாஃப் வந்த அன்று நாமும் வீட்டில் போய் இப்படித்தானே சொல்லியிருப்போம்!

இருவரும் நெருங்கியதற்குக் காரணம் பழைய ஐஸ்லாந்து மொழிக் கதைகள். டோல்கின் அவற்றை மூலத்திலேயே படிப்பதற்கென்று ஒரு குழு நடத்தினார், லூயிஸ் அதில் சேர்ந்தார். பேச்சு வளர்ந்தது. 1929 கடைசியில் டோல்கின் துணிந்து ஒரு காரியம் செய்தார். வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்த ஒரு நீண்ட கவிதையை லூயிஸிடம் படிக்கக் கொடுத்தார். மாயமான ஒரு பழங்காலம், அதற்கென்று தனி மொழிகள், தனி வரலாறு. பேராசிரியர் ஒருவர் ராத்திரியில் இதை எழுதுகிறார் என்று வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள். லூயிஸ் சிரிக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பகுதியைப் படித்துவிட்டு உற்சாகமாகக் கடிதம் எழுதினார். பின்னாலேயே வரிவரியாகக் குறைகளையும் எழுதிக் கொடுத்தார். அதையும் எப்படி? அந்தக் கவிதை ஏதோ நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஓலைச்சுவடி போலவும், அதைப் பல பண்டிதர்கள் ஆராய்ந்து சண்டை போடுவது போலவும், அந்தப் பண்டிதர்களின் பெயர்களையும் தானே கற்பனை செய்து, விளையாட்டாக. மனம் நோகாமல் குறை சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. டோல்கின் பல இடங்களைத் திருத்தினார்.

அதன் பிறகு 'இங்க்ளிங்ஸ்' என்று ஒரு வட்டம் சேர்ந்தது. வியாழக்கிழமை இரவு லூயிஸின் அறையில் கூடுவார்கள். செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு முன் 'ஈகிள் அண்டு சைல்ட்' என்ற மதுக்கடையில் அரட்டை. வியாழன் கூட்டத்தில் யாராவது தான் எழுதியதைப் படிக்க வேண்டும், மற்றவர்கள் கிழிப்பார்கள். பேராசிரியர்கள் மட்டும் இல்லை. ஓவன் பார்ஃபீல்ட் என்ற சொலிசிட்டர் உண்டு, ஹாவர்ட் என்ற டாக்டர் உண்டு, லூயிஸின் அண்ணன் ராணுவத்திலிருந்து ரிட்டயர் ஆனவர். மினிட்ஸ் புக் கிடையாது, சந்தா கிடையாது, கோரம் கிடையாது. நம் சங்கத்துச் செயலாளர் என்னைப் பார்க்கிறார். நான் எதையும் சிபாரிசு செய்யவில்லை.

'தி ஹாபிட்' அச்சான கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுதாமல் விட்டிருந்த வெற்றுப் பக்கத்தில் முதல் வாக்கியத்தை டோல்கின் கிறுக்கினார். வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை அது. தட்டச்சுப் பிரதி கைமாறிக் கைமாறி, 1936இல் லண்டனில் ஆலன் அண்டு அன்வின் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளி ஸ்டான்லி அன்வின், பிள்ளைகள் புத்தகத்தைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும் என்று பத்து வயது மகன் ரெய்னரிடம் கொடுத்தார். படித்து அறிக்கை எழுதினால் ஒரு ஷில்லிங் கூலி. பையன் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். 1937 செப்டம்பர் 21 அன்று புத்தகம் வந்தது. முதல் அச்சு 1,500 பிரதி. டிசம்பருக்குள் தீர்ந்து மறுபடி அச்சடித்தார்கள். அந்த ஒரு ஷில்லிங் செலவு பிற்பாடு எவ்வளவு கொண்டுவந்தது என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பையனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவான்.

புத்தகம் வந்த சில நாட்களில் 'டைம்ஸ்' பத்திரிகையிலும் அதன் இலக்கிய இணைப்பிலும் பிரமாதமான மதிப்புரைகள் வந்தன. இரண்டிலும் பெயர் இல்லை. இரண்டையும் எழுதியவர் லூயிஸ்! அந்தக் காலத்துப் பத்திரிகை வழக்கம் அப்படி, பெயர் போடமாட்டார்கள். ஆனாலும் எங்கள் பேங்க்கில் நண்பருடைய லோன் பேப்பரில் நாமே இரண்டு இடத்தில் சிபாரிசு எழுதியிருந்தால் ஆடிட்டில் கேள்வி வந்திருக்கும்.

டோல்கினும் சும்மா இல்லை. இருவரும் ஒருநாள் பேசி, நமக்குப் பிடித்த மாதிரிக் கதை யாரும் எழுதவில்லை, நாமே எழுதுவோம் என்று முடிவு செய்திருந்தார்கள். லூயிஸ் விண்வெளிப் பயணம், டோல்கின் காலப் பயணம் என்று பிரித்துக்கொண்டார்கள். லூயிஸ் மளமளவென்று முடித்தார். டோல்கின் சில அத்தியாயம் எழுதி நிறுத்திவிட்டார். இது கடைசிவரை அவர்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம். லூயிஸின் கதையை ஆலன் அண்டு அன்வினின் வாசகர் வேண்டாம் என்று சொன்னபோது, டோல்கின் ஸ்டான்லி அன்வினுக்குக் கடிதம் எழுதி வாதாடினார். அன்வினுக்குப் பங்கு இருந்த வேறொரு பதிப்பகம் வழியாக அது 1938இல் வெளிவந்தது. இதுவரை கணக்கு நேராகத்தான் இருக்கிறது.

'ஹாபிட்' விற்றதும் பதிப்பாளர் அடுத்ததைக் கேட்டார். 1937 டிசம்பரில் டோல்கின் ஆரம்பித்தார். முடிக்க ஏறக்குறைய பன்னிரண்டு வருடம். அதுதான் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. நடுவில் இரண்டாம் உலகப் போர், காகிதப் பஞ்சம், காலேஜ் வேலை, வீட்டில் உடம்பு சரியில்லாத மனைவி. பழைய பரீட்சைப் பேப்பர்களின் பின்பக்கத்தில் எழுதினார். மோரியா என்ற சுரங்கத்தில் கதை நெடுநாள் நின்றுபோனது. அதன் பிறகும் இன்னொரு இடத்தில் நின்றது. 1944இல் மறுபடி கிளம்பியது என்றால், அதற்கு முக்கியமான காரணம் லூயிஸ் விடாமல் கேட்டதுதான். அந்த வருடம் தென்னாப்பிரிக்காவில் விமானப் படைப் பயிற்சியில் இருந்த மகன் கிறிஸ்டோஃபருக்கு டோல்கின் அத்தியாயம் அத்தியாயமாகத் தபாலில் அனுப்பினார். கடிதங்களில் அந்த வாரம் படித்துக் காட்டியது பற்றியும் எழுதுவார். ஒரு அத்தியாயத்தைக் கேட்டு லூயிஸ் கண்ணீர் விட்டார் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறார்.

எல்லா நண்பர்களும் அப்படி இல்லை. ஹ்யூகோ டைசன் என்பவருக்கு இந்தக் கதையே பிடிக்காது. கூட்டத்தில் படிக்க ஆரம்பித்தாலே முனகுவார். கடைசியில் அவர் இருக்கும் நாளில் டோல்கின் படிப்பதையே நிறுத்தும்படி ஆனது. பாதி எழுதியவருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

லூயிஸ் இறந்து சில வருடம் கழித்து, டோல்கின் ஒரு கடிதத்தில் இதைப் பற்றி எழுதினார். தனக்கு லூயிஸிடம் தீர்க்க முடியாத கடன் உண்டு. அது இலக்கியச் செல்வாக்கு என்கிற அர்த்தத்தில் இல்லை, வெறும் உற்சாகம்தான். நெடுநாள் அவர் ஒருவர்தான் எனக்கு வாசகர், அவர் இல்லாவிட்டால் முடித்திருக்கவே மாட்டேன் என்ற பொருளில்.

இந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கிளையில் ஒரு கேஷியர் இருந்தார். பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் பேப்பரின் பின்பக்கத்தில் ஒரு சரித்திரக் கதை எழுதிக்கொண்டிருந்தார். மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு எனக்குப் படித்துக் காட்டுவார். நான் கேட்பேன். நன்றாகவே இருக்கும். எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. தபாலில் இரண்டு தடவை அனுப்பினார். கிளையைக் கம்ப்யூட்டர்மயம் செய்கிற வேலை, இரவு எட்டு மணி வரை ஆபீஸ். முதல் கட்டைப் பாதி படித்தேன், பதில் போடவில்லை. இரண்டாவதைப் பிரிக்கவில்லை. பல வருடம் கழித்து ஒருவருடைய பணி நிறைவு விழாவில் பார்த்தபோது, "என்ன சார், கதை முடிந்ததா?" என்று கேட்டேன். "யாருக்கு சார் முடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டு வரிசை நகர்வதைக் காட்டினார். அவ்வளவுதான். அவர் இப்போது இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம்.

1949இல் கதை முடிந்தது. டோல்கினுக்கு ஒரு பிடிவாதம். முதலிலிருந்து எழுதிவரும் அந்தப் பழங்காலப் புராணமும் — 'சில்மரில்லியன்' — கூடவே வெளிவர வேண்டும், இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு நூல் என்றார். காலின்ஸ் என்ற வேறொரு பதிப்பகத்தில் ஒருவர் இரண்டையும் போடுகிறோம் என்று ஆசை காட்டினார். இதற்கிடையில் ஆலன் அண்டு அன்வினில் ஒரு அசம்பாவிதம். ரெய்னர், இப்போது வாலிபர், அப்பாவுக்கு அந்தரங்கமாக ஒரு யோசனை எழுதினார்: புராணத்தில் தேவையானதை மட்டும் கதைக்குள் சேர்த்துக்கொள்ளலாம், மீதியை விட்டுவிடலாம் என்பது போல. அப்பா அதை அப்படியே டோல்கினுக்கு அனுப்பிவிட்டார். ஆபீஸ் நோட்டை வாடிக்கையாளருக்கே காப்பி போட்ட கதை. டோல்கின் கொதித்துப்போனார். இரண்டையும் போடுவாயா மாட்டாயா, ஒரே வார்த்தையில் சொல் என்றார். அப்படியென்றால் மாட்டேன் என்று பதில் வந்தது. காலின்ஸிலும் இழுத்தடித்தார்கள். 1952இல் அவர்களுக்கும் அதே மாதிரிக் கெடு வைத்தார், அவர்களும் வேண்டாம் என்றார்கள். அறுபது வயது, கையில் பெரிய கட்டுக் காகிதம், எடுக்க ஆள் இல்லை.

அப்போதுதான் ரெய்னரிடமிருந்து தற்செயலாக ஒரு கடிதம் வருகிறது. டோல்கின் இறங்கிவந்து பதில் எழுதுகிறார். எதுவுமே இல்லாததற்கு ஏதாவது வந்தால் சரி என்ற மனநிலை. ரெய்னர் நேரில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ப் பிரதியை வாங்கி வந்தார். இருந்ததே ஒரே நல்ல பிரதி, தபாலில் அனுப்பப் பயம்.

ரெய்னர் உட்கார்ந்து எஸ்டிமேட் போட்டார். போருக்குப் பிறகு காகித விலை ஏறிக் கிடந்தது. ஒரே புத்தகமாகப் போட்டால் யாரும் வாங்க முடியாத விலை. ஆகவே மூன்று பாகம், ஒவ்வொன்றும் 21 ஷில்லிங். அப்படிப் போட்டாலும் ஆயிரம் பவுண்டு வரை நஷ்டம் வரலாம் என்று கணக்கு வந்தது. வெளிநாட்டில் இருந்த அப்பாவுக்கு எழுதிக் கேட்டார். இது மேதைமை மிக்க நூல் என்று நீ நம்பினால் ஆயிரம் பவுண்டை இழக்கலாம் என்ற பொருளில் பதில் வந்தது. நாற்பது வருட சர்வீஸில் மேலதிகாரியிடமிருந்து எனக்கு அப்படி ஒரு சாங்ஷன் வந்ததே இல்லை.

ஒப்பந்தம்தான் சுவாரசியம். பி.காம்.இல் 'ராயல்டி அக்கவுண்ட்ஸ்' என்று ஒரு பாடம் வரும். மினிமம் ரென்ட், ஷார்ட் வொர்க்கிங்ஸ் என்று உயிரை எடுக்கும். வழக்கமாக எழுத்தாளருக்கு விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் இத்தனை சதவீதம் ராயல்டி. பதிப்பாளருக்கு நஷ்டமானாலும் அது வரும். டோல்கினுக்குக் கிடைத்தது அது இல்லை, லாபத்தில் பங்கு. முன்பணம் கிடையாது. அச்சு, காகிதம், விளம்பரம், எல்லாச் செலவும் திரும்பி வரும்வரை ஒரு பைசா கிடையாது. அதன் பிறகு வரும் லாபத்தில் ஆளுக்குப் பாதி. அந்தப் பாடத்துக்குப் பக்கத்திலேயே 'ஜாயின்ட் வென்ச்சர்' என்று இன்னொன்று இருக்குமே, அதுதான் கிட்டத்தட்ட. நஷ்டம் வரும் என்று நினைக்கிற பதிப்பாளருக்கு இது பாதுகாப்பு. டோல்கினும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டார்.

1954 ஜூலை 29 அன்று முதல் பாகம் வந்தது. மூவாயிரம் சொச்சம் பிரதிகள், ஆறு வாரத்தில் மறுஅச்சு. நவம்பரில் இரண்டாவது. மூன்றாவது பாகம் பின்னிணைப்புகளால் தாமதமாகி 1955 அக்டோபரில்தான் வந்தது. கதாநாயகன் ஆபத்தில் இருக்கும் இடத்தில் இரண்டாவது பாகம் முடிவதால், வாசகர்கள் பதிப்பகத்தைத் திட்டித் தீர்த்தார்கள். மூன்றாவதற்கு வைத்த தலைப்பும் டோல்கினுக்குப் பிடிக்கவில்லை. ராஜா திரும்பி வருகிறார் என்று அட்டையிலேயே போட்டுவிட்டால் முடிவு தெரிந்துவிடாதா என்பது அவர் வாதம். நியாயம்தான்.

1956 ஆரம்பத்தில் முதல் செக் வந்தது. 3,500 பவுண்டுக்கு மேல். பேராசிரியராக அவர் ஒரு வருடம் வாங்கும் சம்பளத்தைவிட அதிகம். செலவெல்லாம் ஒரு தடவை வசூலாகிவிட்ட பிறகு, பாதி லாபம் என்பது எந்த ராயல்டியையும் விட நிறைய. நஷ்டத்துக்குப் பயந்து போட்ட ஒப்பந்தம் அவரைப் பணக்காரர் ஆக்கிவிட்டது. பிற்பாடு வரி கட்டும்போது, காங்கார்டு விமானத்துக்கு இதில் ஒரு பென்னி கூடக் கிடையாது என்று செக்கின் மேலேயே எழுதிவிட்டாராம். அது செல்லுமா என்று ஒருவர் கேட்கிறார். தொகையும் கையெழுத்தும் சரியாக இருந்தால் என் கவுண்டரில் பாஸ் பண்ணியிருப்பேன்.

1965இல் அமெரிக்காவில் ஏஸ் என்ற நிறுவனம், காப்புரிமையில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லி, அவரைக் கேட்காமலேயே மலிவுப் பதிப்பு போட்டது. விலை 75 சென்ட். டோல்கின் தனக்குக் கடிதம் போட்ட அமெரிக்க வாசகர்களுக்கெல்லாம் பதிலில் இதையும் ஒரு வரி எழுதினார். வாசகர்களே கடைக்காரர்களிடம் சண்டை போட்டார்கள். ஏஸ் கடைசியில் பணம் கொடுத்துப் பதிப்பை நிறுத்தியது.

பணக் கணக்கு இப்படி நன்றாகவே முடிந்தது. நட்புக் கணக்கு அப்படி இல்லை.

1949 அக்டோபர் 27ஆம் தேதியைச் சொல்ல வேண்டும். முழுக் கதையையும் தட்டச்சில் படித்து முடித்த லூயிஸ், டோல்கினுக்கு மனம் நிறைந்த ஒரு கடிதம் எழுதிய தேதி அது. அன்று வியாழக்கிழமை. லூயிஸின் அண்ணன் தன் டைரியில், அன்றைய இரவு கூட்டத்துக்கு யாரும் வரவில்லை என்று குறித்திருக்கிறார். அந்த வியாழன் கூட்டங்கள் அத்தோடு நின்றுபோயின.

அதே வருட ஆரம்பத்தில் லூயிஸ் பிள்ளைகளுக்கான ஒரு கதையைத் தொடங்கி டோல்கினுக்குப் படித்துக் காட்டினார். 'நார்னியா' கதைகளின் முதல் புத்தகம். டோல்கினுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கிரேக்கக் கதையிலிருந்து ஒன்று, வேறெங்கிருந்தோ ஒன்று, கிறிஸ்துமஸ் தாத்தா என்று கலந்தடித்திருக்கிறது, இது தேறாது என்று சொல்லிவிட்டார். தன் உலகத்தில் ஒரு மலைக்குப் பெயர் வைக்க வருடக்கணக்கில் யோசிப்பவர் அவர், ஆகவே அவருடைய கோபம் புரிகிறது. ஆனால் இருபது வருடம் உட்கார்ந்து கேட்டவர் முதல்தடவையாகத் தன் பிள்ளைக் கதையைக் கொண்டுவந்து நிற்கிறார். பண்டிதர்களைக் கற்பனை செய்து விளையாட்டாகக் குறை சொன்ன அந்தப் பக்குவம் இந்தப் பக்கம் இல்லை. இந்த இடத்தில் நான் டோல்கின் கட்சி இல்லை. லூயிஸ் மனம் வாடினார், இளைய நண்பர் ரோஜர் லான்ஸ்லின் கிரீன் என்பவர் தைரியம் சொன்னதும் எழுதினார். 1950 முதல் 1956 வரை வருடத்துக்கு ஒன்றாக ஏழு புத்தகம்.

விரிசலுக்கு வேறு காரணங்களும் உண்டு. சார்ல்ஸ் வில்லியம்ஸ் என்ற இன்னொரு எழுத்தாளர் 1939இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்ததிலிருந்து லூயிஸ் அவரிடம் மயங்கிக் கிடந்தார். பிறகு 1956இல் லூயிஸ் ஜாய் டேவிட்மன் என்ற அமெரிக்க எழுத்தாளரை ரெஜிஸ்டர் திருமணம் செய்துகொண்டதை டோல்கினிடம் சொல்லவே இல்லை. அவர் விவாகரத்தானவர், டோல்கின் கண்டிப்பான கத்தோலிக்கர். பயந்துதான் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். டோல்கின் அதை வெகுநாள் கழித்து வேறு வழியில் தெரிந்துகொண்டார்.

இருந்தாலும் இந்தக் காலத்தில்தான் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் செய்தவற்றையும் பாருங்கள். லூயிஸுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் பதவி கிடைக்கவே இல்லை. 1954இல் கேம்பிரிட்ஜ் கூப்பிட்டது, லூயிஸ் மறுத்துவிட்டார். தேர்வுக் குழுவில் இருந்த டோல்கின் நேரில் போய், வீட்டைக் காலி செய்ய வேண்டாம், வார நாட்களில் அங்கே தங்கிவிட்டு வாரக் கடைசியில் வந்துவிடலாம் என்று விளக்கி ஒப்புக்கொள்ள வைத்தார். அதே வருடம் டோல்கின் புத்தகத்தின் அட்டையில் லூயிஸின் பாராட்டு அச்சானது. லூயிஸைப் பிடிக்காத விமர்சகர்கள் அந்தப் பாராட்டை வைத்தே கிண்டல் செய்தார்கள். அப்படியும் லூயிஸ் 'டைம் அண்டு டைட்' பத்திரிகையில் பெயர் போட்டே மதிப்புரை எழுதினார்.

இன்னொன்று. 1961ஆம் வருட நோபல் பரிசுக்குப் பெயர் சொல்லும்படி லூயிஸைக் கேட்டிருந்தார்கள். அவர் எழுதி அனுப்பிய பெயர் டோல்கின். ஸ்வீடனில் ஏற்கவில்லை, பரிசு யூகோஸ்லாவிய எழுத்தாளர் இவோ ஆன்ட்ரிச்சுக்குப் போனது. நோபல் விதிப்படி இந்தக் காகிதங்கள் 50 வருடம் பூட்டியே இருக்கும். 2012 ஜனவரியில்தான் இது வெளியே தெரிந்தது. அந்தச் சமயம் லூயிஸும் டோல்கினும் சரியாகப் பார்த்துக்கொள்ளாத காலம் என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும்.

லூயிஸ் 1963 நவம்பர் 22 அன்று இறந்தார். கென்னடி சுடப்பட்ட அதே நாள், ஆகவே பத்திரிகைகளில் இடம் இல்லை. டோல்கினிடம் இரங்கல் கட்டுரை கேட்டார்கள், மறுத்துவிட்டார். மகனுக்கு எழுதிய கடிதத்தில், ஊர் எங்களை இன்னும் நெருங்கிய நண்பர்கள் என்று நினைக்கிறது, அது முடிந்து பத்து வருடம் ஆகிவிட்டது என்கிறார். மகளுக்கு எழுதியதில், கிழமரத்துக்கு இலைகள் உதிர்வது வழக்கம், இதுவோ வேரருகே விழுந்த கோடாலி வெட்டு என்கிற மாதிரிச் சொல்கிறார். இரண்டும் சில நாள் இடைவெளியில் எழுதியவை. அடக்கத்துக்கு மகன் கிறிஸ்டோஃபருடன் போய் நின்றார்.

டோல்கின் 1973இல் காலமானார். பிடிவாதம் பிடித்த அந்தப் புராணம் அவர் இருந்தவரை அச்சாகவில்லை. தென்னாப்பிரிக்காவுக்குத் தபாலில் அத்தியாயம் வாங்கிப் படித்த அதே கிறிஸ்டோஃபர், பெட்டி பெட்டியாகக் கிடந்த காகிதங்களைப் பிரித்து அடுக்கினார். கை கொடுக்கக் கனடாவிலிருந்து கை கேவ்ரியல் கே என்ற மாணவர் வந்தார். அவரும் பின்னால் பெயர் பெற்ற மாயக்கதை எழுத்தாளர் ஆனார். 'சில்மரில்லியன்' 1977இல் வெளிவந்தது. பதிப்பகம் ஆலன் அண்டு அன்வின், தலைமையில் அந்த ஒரு ஷில்லிங் பையன் ரெய்னர்.

என் நேரம் முடிந்துவிட்டது, சுண்டல் ஆறுகிறது. மூன்று பாகங்களும் நூலகத்தில் இரண்டாவது அலமாரி, மேல் தட்டில் இருக்க வேண்டும். முதல் இரண்டு இருக்கின்றன. மூன்றாவதை ரிஜிஸ்டரில் எழுதாமல் யாரோ எடுத்துப் போயிருக்கிறீர்கள். முடித்துவிட்டுக் கொண்டுவந்து வையுங்கள், அவசரமில்லை. எதையாவது எழுதி வைத்துக்கொண்டு யாரிடம் படித்துக் காட்டுவது என்று யோசிப்பவர்கள் இங்கே இருந்தால், சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை நூலகத்தில் நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன்.